ஆற்றுக்கும் ஒரு முறை

மதுரைச் சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் வைகை ஆற்றில் இறங்க நான்கு நாள் இருந்தது. மேலூர்ப் பக்கத்திலிருந்து சித்தப்பா போன் செய்தார். வைகை அணையில் மதகைத் தூக்கிவிட்டார்கள் என்று டிவியில் காட்டியிருக்கிறார்கள். "ஏப்பா, பாத்தியா? சாமி எறங்கத் தண்ணி தொறந்து விட்ருக்காய்ங்க. எனக்கு நாத்துப் பாவத் தண்ணி இல்லைன்னாய்ங்க." அவ்வளவுதான் சொன்னார். அப்புறம் வீட்டில் எல்லாரும் நலமா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

இதைச் சொன்னவர் சாமி இல்லை என்பவர் அல்ல. வருடா வருடம் விரதம் இருந்து, தோப்பறை என்கிற தோல் பையைத் தோளில் மாட்டி, அழகர் மேல் தண்ணீர் பீய்ச்சுகிறவர். அழகர் பச்சைப் பட்டு உடுத்தி வந்தால் அந்த வருடம் வெள்ளாமை செழிக்கும் என்பதை முழு மனதோடு நம்புகிறவர். பட்டு என்ன நிறம் என்று பார்ப்பதற்காகவே விடிய விடியக் கரையில் நிற்பார். அப்படிப்பட்டவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததுதான் எனக்கு உறுத்தியது. முந்தைய புரட்டாசியில் அணையில் போதிய நீர் இல்லாமல் ஒருபோகத் திறப்பு தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. அவருடைய இரண்டு ஏக்கரும் தரிசாகக் கிடந்தன. அந்தக் கோபம் அவருக்குள் ஆறு மாதமாக இருந்திருக்கிறது.

மதுரை நகரத்துச் செல்லூரில் இருந்துகொண்டு திருவிழாத் தண்ணீரைப் பார்த்து மகிழ்கிற எனக்கு அவரிடம் சொல்ல ஒரு பதிலும் இல்லை. சாமி காரியம், விட்டுவிடுங்கள் என்று சொல்லலாம். அது பதில் ஆகாது. சரி, கணக்காவது போட்டுப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

ஒரே எண், இரண்டு முகம்

திருவிழாவுக்குத் திறக்கும் தண்ணீர் என்று அண்மை ஆண்டுச் செய்திகளில் அடிக்கடி பார்க்கும் எண் 216 மில்லியன் கன அடி. விநாடிக்கு 1,000 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க விட்டால் 86.4 மில்லியன் கன அடி ஆகும். ஆக, அதே வீதத்தில் இரண்டரை நாள் தண்ணீர். வைகை அணை 71 அடிக்கு நிறைந்திருந்தால் அதில் இருப்பது ஏறத்தாழ 6,091 மில்லியன் கன அடி. அதில் நூற்றுக்கு மூன்றரை பங்கு. ஆனால் சித்திரையில் அணை நிறைந்திருப்பது அபூர்வம். அதனால் இருப்பதில் அந்தப் பங்கு இன்னும் கூடும்.

இந்தத் தண்ணீரை அப்படியே சித்தப்பாவின் பக்கம் திருப்பியிருந்தால்? மேலூர்ப் பகுதி ஒருபோகப் பாசனம் 85,563 ஏக்கர் என்பது அரசாணைகளில் வழக்கமாக வரும் கணக்கு. 216 மில்லியன் கன அடியை அத்தனை ஏக்கரிலும் சமமாகப் பரப்பினால் முக்கால் அங்குல உயரத்துக்குக்கூட நிற்காது. நெல்லுக்கு நாற்றங்காலிலிருந்து அறுவடை வரை ஏறக்குறைய நான்கு அடித் தண்ணீர் வேண்டும். கால்வாய் குடிப்பது, கண்மாயில் ஆவியாவது எல்லாம் இதில் சேரவில்லை. அந்த வருடம் அழகருக்குத் திறக்காமல் இருந்திருந்தாலும் சித்தப்பாவின் வயல் நனைந்திருக்காது. பதில் கிடைத்துவிட்டது என்று அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் காலையில் அதே எண்ணை லிட்டரில் மாற்றிப் பார்த்தேன். 611 கோடி லிட்டருக்கு மேல் வந்தது. முல்லைப் பெரியாறு நீரை லோயர் கேம்ப்பில் எடுத்து மதுரைக்குக் குழாயில் கொண்டுவரும் குடிநீர்த் திட்டத்தின் அளவு நாளொன்றுக்கு 12.5 கோடி லிட்டர். அந்த அளவோடு ஒப்பிட்டால் திருவிழாத் தண்ணீர் ஏழு வாரத்துக்கு வரும். வயலில் முக்கால் அங்குலம்கூட இல்லாதது குடத்தில் ஏழு வாரம். சின்னது என்று காட்ட வேண்டுமானால் ஏக்கரால் வகுக்கலாம், பெரியது என்று காட்ட வேண்டுமானால் குடத்தால் அளக்கலாம். முந்தின இரவு நான் எனக்குத் தோதான அளவுகோலை எடுத்துக்கொண்டிருந்தேன் என்று அப்போது புரிந்தது. சித்தப்பாவிடம் அந்தக் கணக்கைச் சொல்லவில்லை.

அவர் கேட்டதும் அளவைப் பற்றி அல்ல. யாருக்கு முதலில் என்பதைப் பற்றி. வைகை அணை 1959-இல் திறக்கப்பட்ட நாளிலிருந்து அந்தக் கேள்வி ஓய்ந்ததில்லை. வைகையிலிருந்து கால்வாய் பிரியும் பேரணைக்குக் கீழே இருபோகம் 45,041 ஏக்கர் ஒரு பக்கம், மேலூரும் திருமங்கலமும் ஒரு பக்கம். பழைய வைகைப் பாசனத்துக்கு ராமநாதபுரம் ஏழு, சிவகங்கை மூன்று, மதுரை இரண்டு என்று பங்கு. உசிலம்பட்டிக்குப் போகும் 58 கிராமக் கால்வாயில் அணை 67 அடியைத் தாண்டினால்தான் தண்ணீர் ஏறும். அந்த ஊர்க்காரர்கள் நாளிதழைப் பிரித்ததும் முதலில் தேடுவது அணை மட்டத்தைத்தான். அணையில் ஒவ்வொரு அடித் தண்ணீருக்கும் ஏற்கெனவே ஒருவர் காத்திருக்கிறார்.

தேனூர்க் கிணறு

திருவிழா முடிந்து ஐந்தாறு நாள் இருக்கும். சித்தப்பா மகளுக்குக் கல்யாணம் பேசியிருந்தது. தேனூரில் இருக்கும் அத்தைக்குப் பத்திரிகை வைக்க அவரையும் ஏற்றிக்கொண்டு போனேன். தேனூர் அழகருக்குப் பழைய ஊர். திருமலை நாயக்கர் காலத்துக்கு முன்னால் அழகர் அங்கேதான் ஆற்றில் இறங்கினார் என்று சொல்வார்கள். வண்டியூரில் இருக்கிற மண்டபத்துக்கு இன்றைக்கும் பெயர் தேனூர் மண்டபம்தான்.

அத்தை வீட்டுக் கிணறு ஆற்றங்கரையிலிருந்து கூப்பிடு தூரம். மோட்டார் இருந்தாலும் குடிக்கிற தண்ணீரை இன்னும் கயிற்றில்தான் இறைக்கிறாள். அந்தக் கயிற்றில் முழத்துக்கு ஒரு முடிச்சு போட்டிருப்பாள். எதற்கென்று நான் கேட்டதே இல்லை. அன்று வாளியை விட்டுக்கொண்டே அவளாகச் சொன்னாள். "பங்குனிக் கடைசில பதினாலு முடிச்சு விடணும் தம்பி. இப்ப பதினொண்ணுல வாளி முங்கிருது. அழகரு வந்தா என் கெணத்துலயும் எறங்குவாரு."

மூன்று முழம். ஏறத்தாழ நாலரை அடி. நான் கணக்குப் போட்ட தாளில் இந்த மூன்று முழத்துக்கு இடமே இருக்கவில்லை. திறந்த தண்ணீர், மதுரைக்கு வந்த தண்ணீர், இரண்டுக்கும் நடுவில் போனதெல்லாம் இழப்பு என்றுதான் நினைத்திருந்தேன். அணையிலிருந்து மதுரை வரை ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர். சித்திரை வெயிலில் காய்ந்து கிடக்கும் மணல், வரும் தண்ணீரை ஒவ்வொரு அடியிலும் உறிஞ்சிக்கொண்டுதான் வழிவிடும். அதனால்தான் சாமி இறங்கும் நாளுக்குப் பல நாள் முன்னதாகவே திறக்க வேண்டியிருக்கிறது. மணல் குடித்தது எங்கும் போய்விடவில்லை. மேலக்கால், கோச்சடை, மணலூர் என்று ஆற்றுப்படுகையில் மதுரைக்காகப் போட்டிருக்கும் குடிநீர்க் கிணறுகள் அந்தத் தண்ணீரைத்தான் எடுக்கின்றன. கரையோரத்து ஊர்களின் ஆழ்துளைக் கிணறுகளும் அத்தையின் கயிறும் அதையே நம்பியிருக்கின்றன. திருவிழாத் தண்ணீர் என்று பெயர் வைத்து நாம் ஆற்றின் வயிற்றை வருடத்துக்கு ஒருமுறை நனைத்துக்கொண்டிருக்கிறோம்.

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. திரும்பி வரும் வழியில் சித்தப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாருங்கள், வீணாகவில்லை, சாமிக்கு விட்டது மண்ணுக்கும் மக்களுக்கும் போயிருக்கிறது என்றேன். அவர் ஜன்னல் வழியே ஆற்றைப் பார்த்துக்கொண்டு வந்தார். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "அக்கா கெணத்துல ஏறுன தண்ணி, சரி. ஏங் கெணத்துல ஏறலையேப்பா."

இதுதான் என்னைப் புரட்டிப் போட்டது. அவர் சொன்னது முழு உண்மை. மேலூர் வைகைக் கரையில் இல்லை. பேரணையில் பிரியும் பெரியாறு பிரதானக் கால்வாயில் தண்ணீர் போனால்தான் அங்கே கண்மாய் நிறையும், கண்மாய் நிறைந்தால்தான் கிணறு ஊறும். ஆற்றில் விடும் தண்ணீர் தேனூருக்கு நல்லது, மதுரைக்கு நல்லது, மானாமதுரை, பரமக்குடி வரை போய்ச் சேர்ந்தால் அங்கே இறங்கும் அழகர்களுக்கும் நல்லது. மேலூருக்கு அதில் ஒரு சொட்டும் இல்லை. ஆறு நன்றாக இருந்தால் எல்லாருக்கும் நல்லது என்று பொத்தாம் பொதுவாகப் பேசுகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நானும் அன்று வரை அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். ஆற்றுக்கு விடுகிற தண்ணீருக்கு யாரோ ஒருவர் விலை கொடுக்கிறார். அவர் யார், எவ்வளவு கொடுக்கிறார் என்று சொல்லாமல் சுற்றுச்சூழல் பேசுவது, அவர் மடையை அடைத்துவிட்டு அவருக்கே புத்தி சொல்வது போல ஆகிவிடும்.

இரவல் பெயர்கள்

அதற்குப் பிறகு அணை திறப்புச் செய்திகளை வேறு கண்ணோடு படிக்க ஆரம்பித்தேன். எந்தச் செய்தியை எடுத்தாலும் தண்ணீருக்கு ஒரு பெயர் இருக்கும். முதல் போகத்துக்கு, ஒரு போகத்துக்கு, பூர்வீகப் பாசனத்துக்கு, குடிநீருக்கு, கள்ளழகர் திருவிழாவுக்கு. ஆற்றுக்கு என்று ஒரு தலைப்பில் வைகையில் தண்ணீர் திறந்ததாக நான் இதுவரை படித்ததில்லை. ஆறு தனக்கு வேண்டிய தண்ணீரை எப்போதும் இன்னொருவர் பெயரில்தான் வாங்கிக்கொள்கிறது. ராமநாதபுரத்துக்குப் போகிற பாசன நீர் போகிற போக்கில் ஆற்றை நனைக்கிறது. அழகர் வருகிறார், அதனால் சித்திரையில் நனைகிறது.

இரவல் பெயரில் ஒரு ஆபத்து இருக்கிறது. பெயருக்கு உரியவருக்கு வேறு வழி கிடைத்துவிட்டால் ஆற்றின் பங்கும் அதோடு போய்விடும். லோயர் கேம்ப்பிலிருந்து குழாயில் தண்ணீர் வந்தால் மதுரை மக்களுக்குத் தட்டுப்பாடு குறையும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. என் வீட்டுக் குழாயும் அதில் சேர்ந்ததுதான். ஆனால் அங்கே எடுக்கிற 12.5 கோடி லிட்டர் முன்பு முல்லையாற்றில் நடந்து வந்த தண்ணீர். கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகள் எதிர்த்ததை அப்போது நான் வெறும் பங்குச் சண்டை என்று நினைத்தேன். பங்கு எவ்வளவு என்பதோடு, அந்தப் பங்கு எந்த வழியாக வருகிறது என்பதும் அதில் இருந்திருக்கிறது. குழாயில் போகிற தண்ணீர் வழியில் யாருடைய கிணற்றையும் தொடாது. ஒரு அயிரையும் அதில் முட்டையிடாது. நாளைக்கு மதுரை முழுக்கக் குழாயை நம்பிவிட்டால், ஆற்றுப்படுகைக் கிணறுகளுக்காக வைகையில் தண்ணீர் விடுங்கள் என்று கேட்க நகரத்தில் யார் இருப்பார்கள்?

அயிரை என்று எழுதியதும் நினைவு வருகிறது. வைகைக் கரையில் வளர்ந்தவர்களுக்கு அயிரை மீன் குழம்பு என்றால் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. சின்ன வயதில் அத்தை வீட்டுக்குப் போனால் பையன்கள் துண்டை விரித்து ஆற்றில் அரித்துக் கொண்டு வருவார்கள், அரைப்படி தேறும். இப்போது அதைக் கடையில் வாங்குகிறோம், அது எங்கிருந்து வருகிறது என்று கேட்பதில்லை. இரண்டரை நாள் தண்ணீர் விட்டுச் சட்டென்று மதகை மூடினால் மீனுக்கு அது உதவாது என்பதையும் சொல்லியாக வேண்டும். வேகமாக வடிகிற ஆற்றில் குஞ்சுகள் குட்டைகளில் தங்கிவிடும், குட்டை வற்றினால் கொக்குக்குத்தான். மணல் இருக்கிற இடத்தில் குட்டை பத்து நாள் நிற்கும். மணலை வாரிக் கட்டாந்தரையாகிப் போன இடத்தில் இரண்டாம் நாளே வெடித்துவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது, அதை நகரத்துக்காரனான நானே சொல்ல வேண்டும். பந்தல்குடி வாய்க்கால் மாதிரி எத்தனையோ வழிகளில் எங்கள் சாக்கடை வைகையில் இறங்குகிறது. மாதக்கணக்கில் ஆறு ஓடாமல் இருக்கும்போது ஏ.வி. பாலத்துக்குக் கீழே கறுத்து நிற்பது அந்தத் தண்ணீர்தான். அணைத் தண்ணீர் வந்ததும் அது கண்ணை விட்டு மறைகிறது. ஆற்றைச் சுத்தமாக்கிவிட்டார்கள் என்று நாம் சந்தோஷப்படுகிறோம். உண்மையில் அதை விரகனூர்ப் பக்கம் தள்ளிவிட்டிருக்கிறோம். கீழே இருக்கிறவர்களுக்கு வருகிற முதல் தண்ணீர் எங்கள் கழிவுதான். ஆற்றுக்கு நீர் விடுவது கழிவைத் தள்ளிவிடுவதற்கு அல்ல. அதை நிறுத்தாமல் அணையிலிருந்து இன்னும் கொஞ்சம் விடுங்கள் என்று கேட்க எங்களுக்கு உரிமை குறைவு.

காவிரியில் அந்தப் பத்து

ஆற்றுக்கு என்று பெயர் எழுதி வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு நாம் தொலைவில் தேட வேண்டாம். காவிரி நடுவர் மன்றம் 2007-இல் இறுதித் தீர்ப்பு தந்தபோது 740 டி.எம்.சி-யை மாநிலங்களுக்குப் பிரித்தது. ஒரு டி.எம்.சி என்பது ஆயிரம் மில்லியன் கன அடி. அந்த 740-இல் சுற்றுச்சூழலுக்கு என்று தனியாக 10 டி.எம்.சி எழுதினார்கள். அந்தப் பத்தையும் சேர்த்துத்தான் கர்நாடக எல்லையில் இருக்கும் பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டியது 192 என்று ஆனது. பிப்ரவரியிலிருந்து மே வரை மாதத்துக்கு 2.5 வீதம் அந்த அட்டவணையில் இருக்கும். கோடையில், பயிர் இல்லாத மாதங்களில், ஆறு ஆறாக இருப்பதற்கு.

2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் நம் பங்கில் 14.75 டி.எம்.சி-யைக் குறைத்து 177.25 ஆக்கியது. அப்போது எல்லாரும் குறைந்ததைப் பற்றித்தான் பேசினோம், வேதனை அப்படி. புதிய அட்டவணையை இப்போது எடுத்துப் பார்த்தேன். ஜூன் 10 இருந்தது 9.19 ஆயிற்று. ஜூலை 34 இருந்தது 31.24. ஆகஸ்ட் 50 இருந்தது 45.95. ஜனவரி வரை எல்லா மாதத்திலும் வெட்டு விழுந்திருக்கிறது. பிப்ரவரி முதல் மே வரை அதே 2.5, அதே 2.5, அதே 2.5, அதே 2.5. உழவர் பங்கில் கை வைத்தவர்கள் அந்தப் பத்தில் கை வைக்கவில்லை. அந்தத் தண்ணீர் ஒவ்வொரு கோடையிலும் ஒழுங்காக வருகிறதா என்பது வேறு சண்டை. ஆனால் வரவில்லை என்று சண்டை போடுவதற்கு ஒரு வரி எழுத்தில் இருக்கிறது. வைகைக்கு அந்த ஒரு வரி இல்லை.

இதை நான் சித்தப்பாவிடம் சொன்னது கல்யாண வேலையில் பந்தல்காரருக்காகக் காத்திருந்த ஒரு மதியம். வைகையிலும் அப்படி எழுதலாம் என்றேன். அழகர் தண்ணீரை நிறுத்த வேண்டியதில்லை, அதையே ஆற்றின் பங்குக்குத் தொடக்கமாக வைத்துக்கொள்ளலாம். திருவிழா முடிந்ததும் சட்டென்று மூடாமல் பத்துப் பதினைந்து நாளில் படிப்படியாகக் குறைக்கலாம். அதற்கு ஆகும் தண்ணீர் மேலூர் கணக்கில் மட்டும் விழாமல் ஏழு, மூன்று, இரண்டு என்று பங்கு வாங்குகிற பழைய வைகைப் பாசனத்துக்கும், இருபோகத்துக்கும், முக்கியமாக மதுரை நகரத்துக் குடிநீருக்கும் சேர்த்துப் பங்கு போட வேண்டும். ஆற்றங்கரையில் இருக்கிறவர்களுக்கு நன்மை கூட என்பதால் அவர்கள் கூடுதலாக விட்டுக்கொடுக்கலாம். அணை காய்ந்த வருடத்தில் ஆற்றின் பங்கும் மற்றவர்களுடையதைப் போலவே குறையட்டும். ஆனால் இல்லாமல் போகக் கூடாது.

அவர் எதிர்ப்பார் என்று நினைத்தேன். சித்தப்பா பல வருடம் ஊர்க் கண்மாயில் முறை பார்த்தவர். எந்த மடைக்கு எத்தனை நாழிகை, எந்த வயலுக்கு அடுத்து எந்த வயல் என்பதில் அண்ணன் தம்பி பார்க்கமாட்டார். தண்ணீர் குறைந்த வருடத்தில் தன் வயல் காயக் காயப் பக்கத்து வயலுக்கு மடை திறந்துவிட்டு வந்திருக்கிறார், அன்று அவன் முறை என்பதற்காக. "மொறைனு ஒண்ணு வச்சுட்டா அதுக்கு மேல பேச்சு இல்லப்பா," என்றார். "சாமி பேரச் சொல்லித் தொறக்குறப்பதான் எனக்குப் பொறுக்கல. கேட்டா சாமிக்குக் கணக்குப் பாக்குறியாம்பாய்ங்க. ஆத்துக்கும் ஒரு மொறை, இன்ன தேதில இருந்து இன்ன தேதி வரைக்கும், இம்புட்டுத் தண்ணினு எழுதி வை. எம் மொறை வந்தா எனக்குத் தொற. நான் ஏன் கேக்கப் போறேன்?"

ஒரு வாரமாக அட்டவணைகளைப் புரட்டி நான் தேடிக்கொண்டிருந்த சொல் அவர் வாயில் அன்றாடம் புழங்கிக்கொண்டிருந்திருக்கிறது. முறை. அவர் ஆற்றுக்குத் தண்ணீர் விடுவதை எதிர்க்கவே இல்லை. முறையில்லாமல் விடுவதைத்தான் எதிர்த்தார்.

அடுத்த சித்திரையில் அழகர் பச்சைப் பட்டில் வந்தார். சித்தப்பா தோப்பறையோடு வந்து, இரவு எங்கள் வீட்டில் தங்கிவிட்டு ஊருக்குப் போனார். மதகை மூடி எட்டாம் நாள் காலையில் அத்தை போன் செய்து, பன்னிரண்டாம் முடிச்சில் வாளி முங்குகிறது என்றாள். அதைச் சித்தப்பாவுக்குச் சொன்னேன். "கெணத்த விடு. ஆத்துல நிக்கிதா?" என்று கேட்டார். தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன் என்று சட்டையை மாட்டிக்கொண்டு பாலத்துக்கு நடந்தேன். ஆழ்வார்புரம் பக்கம் இரண்டு தூணுக்கு நடுவில் ஒரு குட்டை நின்றது. அதில் இரண்டு பையன்கள் வேட்டியை விரித்து எதையோ அரித்துக்கொண்டிருந்தார்கள். அவருக்கு அதைச் சொன்னேன்.